கட்டிலை நனைக்கும் பூனை: அக்கரையில் விடுவதற்கு முன்

அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் இவர், கணவர், அத்தை, கணவரின் ஆச்சி என நான்கு பேர். சுத்த சைவம். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் புறவாசலில் ஒதுங்கிய ஆண் குட்டியை எடுத்து, சொக்கன் என்று பேர் வைத்து வளர்க்கிறார்கள். பாலும் தயிர்ச்சாதமும்தான் தீனி. ஆண்தானே, குட்டி போடப்போவதில்லை என்று குடும்பக்கட்டுப்பாடு செய்யவில்லை. மணல் போட்ட பேசினில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு மாதமாக ஆச்சியின் கட்டிலிலும் மடித்து வைத்த சேலையிலும் சிறுநீர் கழிக்கிறான். புறவாசல் நிலையிலும் தாங்கமுடியாத வாடை. ஆச்சி ஒருநாள் விளக்குமாற்றை எடுத்து விரட்டியிருக்கிறார். அதற்குத்தான் பூனை பழிவாங்குகிறது என்பது ஆச்சியின் தீர்ப்பு.

இதற்கு நடுவில் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வைகாசியில் வருகிறார். அவருக்காக மச்சு அறையை ஒழித்துச் சாமான்களைப் பட்டாசலுக்கு இறக்கியாயிற்று; பூனையின் பேசினும் வாஷிங் மெஷின் பக்கத்துக்குப் போய்விட்டது. மாசமாக இருப்பவள் வரும் வீட்டில் பூனை ஆகாது என்கிறார் அத்தை. சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரைத் தோப்பில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். போதாததற்கு, சொக்கன் சுவரையே வெறித்துப் பார்க்கிறான், விடியற்காலை நான்கு மணிக்குத் தலைதெறிக்க ஓடுகிறான், முற்றத்தில் களை பிடுங்கிய அன்று புரண்டு புரண்டு 'வலிப்பு' வந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி: "கட்டிலில் குந்தி முக்கி முக்கி நாலு சொட்டு விடுகிறான். அப்புறம் அந்த இடத்தையே நக்கிக்கொண்டு கிடக்கிறான். உடம்பு சுடுகிறது, காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த இரண்டு வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் பொறுக்கலாம். இதற்குப் பொறுக்க முடியாது.

மாத்திரை வேண்டாம். கால் பங்கும் வேண்டாம், பொடி செய்து பாலில் கலந்தும் வேண்டாம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதற்குக் குறைந்த அளவும் ஆபத்துதான். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். உடம்பு சுடுகிறது என்பதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யவும் முடியாது. பூனையின் இயல்பான வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் ஒடுங்கியது. சிறுநீர்ப்பையில் அழற்சி ஏற்பட்டாலோ, சிறுநீரில் பொடிமணல் போல உப்புப் படிகம் சேர்ந்தாலோ, அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். முழுதாக அடைத்துவிட்டால் வெளியேற வேண்டிய நஞ்சு ரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் கூடும், இதயத்துடிப்பு தடுமாறும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வயிற்றுவலி, மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருந்து, மூன்றாம் நாள் துவண்ட பூனையைத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. அந்த நிலையில் மருத்துவர்களான எங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

இப்போது சொட்டுச் சொட்டாகவாவது வருகிறது என்றால் இன்னும் முழு அடைப்பு இல்லை. ஆனால் இன்று சொட்டுகிறது நாளை நின்றுபோகலாம். ஆகவே இந்தப் பதிலைப் படித்ததும் பேசின் மணலைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு முறை நிறையவே போகும். மணல் கட்டியாக நனைந்திருக்கும். அப்படி இல்லாமல், அடிக்கடி போய்க் குந்தினாலும் ஈரமே இல்லை, கத்துகிறான், வாந்தி எடுக்கிறான், சாப்பாட்டை விட்டுவிட்டான், மூலையில் ஒடுங்குகிறான் என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டும். அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி உருண்டையாகத் தட்டுப்படலாம். அதை அமுக்காதீர்கள், நிரம்பிய பை வெடித்துவிடும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக் காலையில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். குழாய் போட்டு அடைப்பெடுக்கவோ ஸ்கேன் பார்க்கவோ வேண்டும் என்றால், திருநெல்வேலியில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கொண்டுபோகச் சாக்கு வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, உள்ளே உங்கள் பழைய சேலைத் துணி ஒன்றைப் போட்டால் போதும். உங்கள் வாடை இருந்தால் பஸ்ஸில் கத்துவது குறையும்.

ஆச்சி சொல்வது பற்றி

ஆச்சி பார்த்ததை நான் மறுக்கவில்லை. விரட்டிய பிறகுதான் கட்டிலை நனைத்தான் என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் மனசில் வைத்திருந்து, ஆள் பார்த்து, சேலை பார்த்துப் பழிதீர்க்கும் கணக்கு பூனைக்குக் கிடையாது. நடந்தது வேறு. சிறுநீர்ப்பை புண்ணாகி எரியும்போது பேசினில் குந்தினால் வலிக்கிறது. அந்த மணலில்தான் வலி இருக்கிறது என்று பூனை புரிந்துகொள்கிறது. மெத்தென்று இருக்கும் வேறு இடத்தைத் தேடுகிறது. கட்டில் மெத்தையும் நைந்த நூல்சேலையும் அதற்குத் தோதாகப்பட்டிருக்கிறது. ஆச்சியின் சேலையை அவன் தேர்ந்தெடுத்ததற்கு அதன் மென்மையே போதுமான காரணம்.

ஆனாலும் விளக்குமாற்றுக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பகுதிக்குக் கிருமியும் இருப்பதில்லை, கல்லும் இருப்பதில்லை. பயமும் பதற்றமும்தான் தூண்டுகின்றன. பூனைக்கு வீடு என்பது சாமான்கள் இருந்த இடத்தில் இருப்பதுதான். நீங்கள் மச்சை ஒழித்திருக்கிறீர்கள், பட்டாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறீர்கள், பேசினைக் கடகடவென்று ஆடும் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அது சுழலத் தொடங்கும் நேரத்தில் உள்ளே குந்தியிருந்தவன் மறுபடி அந்தப் பக்கம் போவானா?

நிலைக்கதவு வாடை தனிக் கதை. கட்டிலில் குந்திப் போகிறான். நிலையில் அப்படி இருக்காது. வாலை நிமிர்த்தி, வால்நுனி நடுங்க, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றபடி பீய்ச்சியிருப்பான். அது எல்லை போடுவது. தெருவில் திரியும் வேறு கடுவன் ஒன்று உங்கள் புறவாசலுக்கு வந்துபோகிறது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு: கட்டிலுக்குச் சிகிச்சையும் அமைதியும், நிலைக்கு அறுவை. 'ஆண்தானே' என்று விட்டது சரியில்லை, சகோதரி. விதைநீக்கம் செய்த கடுவன்களில் பத்துக்கு ஒன்பது பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். ஊர்சுற்றலும் சண்டையும், சண்டையில் கடிபட்டுச் சீழ் வைப்பதும் குறையும். அறுவை செய்தால் சிறுநீர்க்குழாய் சுருங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆராய்ந்து பார்த்ததில் அப்படி இல்லை.

வீட்டில் மாற்ற வேண்டியவை

பேசினைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். இன்னொரு பேசினை வேறு மூலையில் வையுங்கள். பூனை ஒன்றானாலும் இடம் இரண்டு இருப்பது நல்லது. அவன் உடம்பு நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமாக இருக்கட்டும். பொடிமணல் நல்லதுதான், கிடைக்காவிட்டால் மரமில்லிலிருந்து மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ வாங்கிப் போடலாம். அள்ளுவது தினமும் நடக்க வேண்டும்.

பினாயிலை நிறுத்துங்கள். கடிதத்தில் நீங்கள் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு வேளையும் பினாயில் போட்டுக் கழுவுவதாக. நம் ஊரில் சுத்தமான வீட்டின் வாசனையே அதுதான், தெரியும். ஆனால் அதிலுள்ள பீனால் வகைகள் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகிறது. அந்த நெடி அவனைப் பேசினை விட்டும் விரட்டுகிறது. நனைந்த துணியை என்சைம் உள்ள சலவைத்தூளில் ஊறவைத்து அலசி, சித்திரை வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். வாடை கொஞ்சம் மிஞ்சினாலும் அதே இடத்துக்கு வருவான். சேலைகளுக்கு நடுவே போடும் பாச்சை உருண்டையும் அவன் வாய்க்கு எட்டக்கூடாது.

விரட்டுவது, மூக்கைத் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நோயைக் கூட்டும். ஆச்சியிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் அறைக் கதவைக் கொஞ்ச நாள் சாத்தி வைத்தால் இரண்டு பேருக்குமே நிம்மதி.

தயிர்ச்சாதம்

உங்கள் வீட்டு ஆசாரத்தை மதித்தே இதை எழுதுகிறேன். பூனை பிறப்பிலேயே மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தைத் தன் தேவைக்குப் போதுமான அளவு அதன் உடம்பால் செய்துகொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் வேண்டிய அளவு இருக்கிறது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை மெல்ல அழியும், இதயத் தசை தளர்ந்து விரியும். 1987இல்தான் அந்த இதயநோய்க்குக் காரணம் டாரின் குறைவு என்று தெரிந்தது. அதன்பிறகு தீனிக் கம்பெனிகள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. 'நம்ம வீட்டுப் பூனை, சாதம் தின்னே நல்லாத்தான் இருக்கு' என்று பலர் சொல்வார்கள். வெளியே போய் எலியும் ஓணானும் பிடித்துத் தின்று ஈடுகட்டியிருக்கும். வீட்டோடு அடைந்து கிடக்கும் பூனைக்கு அந்த வழி இல்லை.

சொக்கனின் இப்போதைய கஷ்டத்துக்கும் இது தொடர்புடையதாக இருக்கலாம். இறைச்சி தின்னும் பூனையின் சிறுநீர் புளிப்புத்தன்மையுடன் இருக்கும். சோறே உணவாகும்போது அது காரத்தன்மைக்கு மாறும். சிலவகைப் படிகங்கள் அதில்தான் சேரும். பாலும் வேண்டியதில்லை. தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பால்சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

அடுக்களையில் மீன் கழுவச் சொல்லவில்லை. கடையில் பூனைத் தீனி பாக்கெட்டாகக் கிடைக்கிறது. அதிலும் கோழியும் மீனும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் புறவாசலில் தனித் தட்டு, தனிக் கரண்டி என்று வைத்துக்கொண்டால் அத்தையும் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அவன் எடை மூன்றரை கிலோ பக்கம் இருந்தால் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிராம் போதும். காய்ந்த தீனியில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். சொக்கனுக்கு இப்போது தண்ணீர்தான் பாதி மருந்து, அதனால் வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். ஈரமான பாக்கெட் வகை கட்டுப்படியானால் இன்னும் நல்லது. மருத்துவர் சிறுநீரைப் பார்த்துவிட்டுத் தனித் தீனி எழுதினால் அதையே கொடுங்கள். பூனையின் மூதாதை பாலைநிலத்துக் காட்டுப்பூனை; தாகம் தெரிந்து குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. அகலமான மண்சட்டியில், தீனித் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

தயிர்ச்சாதத்தை ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பசித்தால் தானே தின்பான் என்று பட்டினி போடக்கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். சாம்பார்ச்சாதம் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுவை உடைக்கும்.

நாத்தனார் வரும்போது

அத்தையின் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம். கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் ஒரு பூனை வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே தடவை, முதல் தொற்றுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம்தான் அதை வெளியேற்றும். வெளியேறிய முட்டையும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆக, பேசினைத் தினமும் வேறொருவர் அள்ளிவிட்டால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். நாத்தனார் பேசின் பக்கம் போக வேண்டாம், தோட்ட மண்ணை வெறுங்கையால் கிளற வேண்டாம், கீரையை நன்றாகக் கழுவியே சமைக்கட்டும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும் பலருக்கு வருகிறது என்பதை அத்தைக்குச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்கலாம். பூனையைத் தடவுவதாலோ அது பக்கத்தில் படுப்பதாலோ கரு கலையாது.

முடி வயிற்றுக்குள் போய் ஆஸ்துமா வருவதும் இல்லை. ஒவ்வாமையைத் தூண்டுவது எச்சிலிலும் தோல்பொடியிலும் உள்ள புரதம். நாத்தனாருக்கு ஏற்கெனவே வீசிங் இருந்தால் மச்சு அறைக்குள் பூனையை விடக்கூடாது. குழந்தை பிறந்த பிறகும் தொட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக விட வேண்டாம்.

அத்தை கேட்காத ஒன்றைத்தான் நான் வற்புறுத்துவேன்: வெறிநாய்க்கடி தடுப்பூசி. சொக்கனுக்கு இரண்டு வயதாகியும் ஒரு ஊசிகூடப் போட்டதாகக் கடிதத்தில் இல்லை. பூனைக்கும் அந்த நோய் வரும், பூனையிடமிருந்து நமக்கும் வரும். இப்போதே போட்டு, வருடம் தவறாமல் தொடருங்கள். இனி யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிக்கும் அந்த ஊசி போடலாம்.

சுவரைப் பார்ப்பதும் புரள்வதும்

இவை பற்றிக் கவலை வேண்டாம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடுகிறது; பூனைக்கு 60,000 தாண்டியும் கேட்கும். ஓட்டுக்கூரைச் சந்தில் எலிக்குஞ்சு கீச்சிடுவதும் பல்லி நகர்வதும் அவனுக்குத் தெளிவாகக் கேட்கிறது, அதைத்தான் பார்க்கிறான். விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை நேரம். ராத்திரி படுக்கப்போகுமுன் ஒரு கயிற்றை இழுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் சாப்பாடு வைத்தால் நான்கு மணி ஓட்டம் குறையும்.

களை பிடுங்கிய அன்று வந்தது அநேகமாக வலிப்பு இல்லை. பிடுங்கிப் போட்டதில் குப்பைமேனி இருந்திருக்கும். அதன் வேர் வாசம் பட்டால் பல பூனைகள் கன்னத்தைத் தேய்க்கும், எச்சில் வடிக்கும், முதுகைப் போட்டுப் புரளும், சற்று நேரத்தில் எழுந்து போய்விடும். பூனைவணங்கி என்றும் அதற்குப் பேர் உண்டு, ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். உண்மையான வலிப்பில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, கைகால் விறைத்து வெட்டும், அறியாமல் சிறுநீர் போகும், எழுந்த பிறகும் தள்ளாடும். அப்படி ஏதாவது கண்டால் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அக்கரை

உங்கள் கணவர் கொடுமைக்காரர் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது; ஆச்சியின் கட்டிலை வெயிலில் தூக்கிப்போட்டு ஓய்ந்துபோயிருக்கிறார். ஆனால் தட்டில் வைத்ததைத் தின்று வளர்ந்த பூனைக்குத் தோப்பில் பிழைக்கத் தெரியாது. அங்கே ஏற்கெனவே கடுவன்கள் இருக்கும், நாய்கள் இருக்கும், வயலில் எலிக்கு வைத்த விஷம் இருக்கும். இந்த உடம்போடு விட்டால் சிறுநீர் அடைத்து எங்கேயோ கிடந்து சாவான். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டுக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. சட்டத்தைச் சொல்லி அவரை மிரட்ட வேண்டாம். நோய் என்றும் வைத்தியம் உண்டு என்றும் சொல்லி, மருத்துவமனைக்கு அவரையே கூட்டிப்போங்கள். எல்லாம் செய்தும் வீட்டில் முடியவில்லை என்றால், அறுவையும் ஊசியும் முடித்து, தெரிந்தவர்கள் யாராவது வளர்க்கக் கேட்டால் கொடுப்பது மரியாதையான வழி. அதில் தப்பில்லை, குற்ற உணர்ச்சியும் வேண்டாம்.

வைகாசிக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. முதலில் சிறுநீர்ச் சிகிச்சை, அது ஆறியதும் தடுப்பூசி, பிறகு அறுவை என்று மருத்துவரிடம் நாள் கேட்டு வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ஆண் பூனைக்கு அறுவை சின்னதுதான், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். நாளைக் காலையில் கிளம்பும்போது மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: கடைசியாக எப்போது நன்றாகச் சிறுநீர் போனான், என்ன சாப்பிட்டான், வாந்தி உண்டா. மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.